பெயிண்ட் இல்லாத பதினோரு கார்

பதினோரு கார் திரும்பி வந்திருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிஷம் உள்ளே நடந்தால் வரும் பத்ரிநாராயணனின் ஷெட் வாசலில் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் விடாமல் அடித்த மழை அன்றைக்குத்தான் விட்டு வெயில் வந்திருந்தது. தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. கிட்டே போய்க் குனிந்தால்தான் தெரியும். கதவு ஓரத்திலும் சக்கரத்துக்கு மேலேயும், யாரோ டீயை வாயில் வைத்துக்கொண்டு தும்மினது போலப் பழுப்புப் பொட்டுகள்.

சுவிசேஷமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு காராகப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டினார். போகவில்லை. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தார். துணியில் மஞ்சளாக ஒட்டியது. துருதான். எவர்சில்வரில் துரு.

அந்தக் காருக்குப் பெயிண்டே கிடையாது. நாலு பேர் உட்காருகிற பேட்டரி கார். புதுக் கம்பெனி ஒன்று போடுகிறது, அதற்கு உடம்பு செய்து கொடுப்பது இந்த ஷெட். உடம்பு முழுக்க வெறும் எவர்சில்வர் தகடு. கலர் மங்காது, வெயில் தின்னாது, துடைத்தால் போதும் என்று படித்தவர்கள் பேசி விற்றார்கள். செய்கிறவனுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். பெயிண்ட் அடிக்கிற காரில் தகடு கொஞ்சம் சொட்டையாக இருந்தால் பட்டி வைத்து இழைத்துக் கலர் அடித்துவிடலாம். இதில் ஒன்றையும் மறைக்க முடியாது. மெஷினில் வைத்துத் தகட்டை மடக்கினால், விட்டதும் அது தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் நிமிரும். ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு அளவு நிமிரும். வெல்டிங் வைத்த இடம் நீலம் பூக்கும். வெறுங்கையால் தொட்டால் அஞ்சு விரலும் பதியும். போன ஆயுத பூஜைக்குக் கார் வாங்கின ஒருத்தர் ஆசையாகச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு மூலையிலும் தேய்த்துவிட்டார். மறுநாள் துடைத்தால் அவருடைய மூன்று விரலும் காரிலேயே நிற்கிறது. கம்பெனிக்காரர்கள் அதற்கப்புறம், இந்தக் காருக்குப் பூஜை போடுவது எப்படி என்று நோட்டீஸ் அச்சடித்துச் சாவியோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

சுவிசேஷமுத்துவின் வேலை கோடு இழுப்பது. தகட்டின் மேல் மெல்லிய கோடுகள் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே வாட்டத்தில் ஓட வேண்டும். ஒரு கதவில் வாட்டம் மாறினாலும் போச்சு, அது மட்டும் இருட்டிக்கொண்டு வேறு வீட்டுக் கதவு போலத் தெரியும். முதலில் பெல்ட் மெஷினில் ஓட்டி, மூலை முடுக்கைக் கம்பி பிரஷ்ஷால் இழுப்பார். பிரஷ்ஷுக்கு ஒரே ஒரு சட்டம். இரும்பைத் தேய்த்த பிரஷ் எவர்சில்வர் பக்கமே வரக் கூடாது. வந்தால் இரும்புத் தூள் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மழை பட்டதும் பொட்டுப் பொட்டாகப் பூக்கும். அதனால் அவர் தன் பிரஷ்ஷுக்கெல்லாம் கைப்பிடியில் பச்சை டேப் சுற்றி, தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். சாப்பிடப் போனாலும் சரி, ஒன்றுக்குப் போனாலும் சரி, சாவி அவரோடுதான் போகும்.

யாரையும் நம்புகிற ஆள் கிடையாது அவர். மளிகைக் கடைத் தராசை நம்ப மாட்டார். டாக்டர் எழுதின மாத்திரையை மருந்துக் கடைக்காரனிடம் காட்டி, இது எதுக்கு என்று தனியாக ஒரு தரம் விசாரிப்பார். சர்ச்சில் காணிக்கை எண்ணுகிற கமிட்டிக்காரர்களை வாசலில் நின்று முறைப்பார். இந்த உலகத்தில் அவர் நம்பினது ரெண்டே பேரைத்தான். ஒன்று சம்சாரம் தபீதாள். இன்னொன்று பத்ரிநாராயணன்.

பத்ரி அவரைவிட ஒன்பது வயது சின்னவர். இருபத்தி நாலு வருஷம் முன்னால் குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரி மேஜை செய்கிற கம்பெனியில் பத்ரி சூப்பர்வைசர், இவர் பாலிஷ். பத்ரி தனியாக ஷெட் போட நினைத்தபோது முதலில் வந்தது பொழிச்சலூரில் இவர் வீட்டுக்குத்தான். பாயில் உட்கார்ந்து தபீதாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நீங்க வர்றதா இருந்தா ஆரம்பிக்கிறேன், இல்லைன்னா இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். இவர் போனார். முதலாளியானாலும் பத்ரி இவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இவர் சார் என்பார். ஷெட்டில் நாற்பது பேர் ஆன பிறகும் அது மாறவில்லை.

அந்த பத்ரிதான் அன்றைக்கு அவரை ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது, துருவுக்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள், காரணத்தை எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன் என்றார்.

"இன்னான்னு எழுதினீங்க சார்?"

"பிரஷ் மாறிப்போச்சுன்னு."

"யாரு பிரஷ்?"

பத்ரி பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "உங்களோடதுதாண்ணா. வேற யார் பேரைப் போடறது?"

பத்ரி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆர்டர் போனால் நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோதான் வேலை. வயசாயிடுச்சு, கை மாறிப்போச்சு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ரெண்டு மாசம் வீட்டில் இருங்கள், அப்புறம் நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

"நான் பிரஷ் மாத்தல சார்."

"மாத்தலைன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதானே உங்ககிட்ட கேக்கறேன்."

அவர் எழுந்து வந்தார். வெளியே பெட்டியைத் திறந்து பிரஷ்களை எண்ணினார். எல்லாம் இருந்தது. எல்லாவற்றிலும் பச்சை டேப் இருந்தது. நாற்பது வருஷமாகச் செய்கிற வேலையில் சின்னப் பையன் செய்கிற தப்பைச் செய்தேன் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள். வேலை போனால் போகட்டும். இந்தப் பேர் வந்தால் அது செத்த பிறகும் போகாது.

ரயிலில் பல்லாவரம் வரும் வரைக்கும் அவருக்கு ஒரே வார்த்தைதான் காதில் ஓடியது. மாத்தலைன்னு எனக்குத் தெரியாதா. அது எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்? பிரஷ்ஷால் வந்த துரு இல்லை என்று அடித்துச் சொல்கிறவனுக்கு, பின்னே எதனால் வந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரஷ் இல்லை என்றால் தகடு. ஆனால் தகட்டைப் பார்த்து இறக்கினது அவரேதான்.

எட்டு மாசம் முன்னால் பத்ரி அந்த வேலையை அவரிடம் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் முதல் லோடுக்கு மட்டும், தகட்டில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டுகிற, துப்பாக்கி மாதிரி ஒரு மெஷினைக் கொண்டுவந்து தகட்டில் வைத்துச் சரி என்று போனார்கள். இனிமேல் லோடு வந்தால் நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் இறக்குவேன், எனக்கு வேறு எவன் மேலேயும் நம்பிக்கை இல்லை என்று பத்ரி எல்லார் முன்னாலேயும் சொன்னார். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று சுவிசேஷமுத்துவிடம் உண்டு. காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர். குரோம்பேட்டையில் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு லோடிலும் நாலு தகட்டுக்கு ஒரு தகடு வைத்துப் பார்ப்பார். ஒரு நாளும் ஒட்டினதில்லை. பத்ரி ரிஜிஸ்டரை நீட்டுவார், இவர் கையெழுத்துப் போடுவார். அந்த முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது தபீதாளிடம் இதைச் சொன்னார். அவர் வாயைத் திறந்து பெருமை பேசி அவள் கேட்டதே அந்த ஒரு தரம்தான்.

மறுநாள் வேலைக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பி, வெட்டி எறிந்த தகட்டுத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பம்மலுக்குப் போனார். அங்கே கதிரேசனுக்குப் பழைய இரும்புக் கடை. ஷெட்டில் விழுகிற வெட்டுத் துண்டையெல்லாம் வாரத்துக்கு ஒரு தரம் வந்து எடுத்துப் போகிறவன் அவன். கதிரேசன் துண்டைக் கையில் வாங்கினான், திருப்பிப் பார்த்தான். சுவிசேஷமுத்து காந்தத்தை எடுத்து வைத்து, ஒட்டலை பார் என்றார்.

கதிரேசன் சிரித்தான். "இன்னாண்ணே, இன்னும் காந்தத்தை வெச்சிகினு சுத்தினு கீற? அது எங்கப்பன் காலத்துல."

உள்ளே போய் ஒரு சின்ன மருந்து பாட்டிலும், டிவி ரிமோட்டில் போடுகிறதைவிடப் பெரிசாகச் சதுர பேட்டரி ஒன்றும் கொண்டுவந்தான். தகட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை வைத்து அழுத்தினான். நாலு எண்ணுவதற்குள் சொட்டு சிவந்து கறுத்தது. பக்கத்தில் ஒரு பழைய எவர்சில்வர் பால் கேனை இழுத்து அதன் மேலும் ஒரு சொட்டு விட்டான். அது அப்படியே வெளுப்பாக நின்றது.

"கேனு முந்நூறு நம்பரு, முந்நூத்தி நாலு. உன்னுது இருநூறு. காந்தம் ரெண்டுலயும் ஒட்டாதுண்ணே. இருநூறுல நிக்கல் கம்மி, வெலையும் கம்மி. வூட்டுக்குள்ள சோறு வைக்கலாம், மழையில நிக்க வெச்சா துரு புடிக்கும்."

தகட்டு வியாபாரி பத்ரி சாரை ஏமாற்றிவிட்டானா என்று சுவிசேஷமுத்து கேட்டார். அப்படி இருந்துவிடக் கூடாதா என்றுதான் கேட்டார். கதிரேசன் அவரை ஒரு மாதிரி பார்த்தான்.

"உங்க ஷெட்டு துண்டை எட்டு மாசமா இருநூறு ரேட்டுக்குத்தானே எடுக்கறேன். உங்க சாரு ஒரு தபா கூட ஏன்னு கேக்கல. முந்நூறு தகட்ட எவனாச்சும் அந்த வெலைக்குக் குடுப்பானா? அவருக்குத் தெரியாமயா?"

சுவிசேஷமுத்து அங்கே கிடந்த வாஷிங் மெஷின் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். எட்டு மாசம். தகடு மாறினதும் எட்டு மாசம், காந்தத்தோடு அவரை லாரி முன்னால் நிறுத்தினதும் எட்டு மாசம். காந்தத்துக்கு எது தெரியும், எது தெரியாது என்று பத்ரிக்குத் தெரியும். இவர் கண்ணில் படாமல் ஒளித்துச் செய்தால் இந்த ஆள் மோப்பம் பிடித்துவிடுவான் என்றும் தெரியும். அதனால் ஒளிக்கவே இல்லை. இவர் கையாலேயே இறக்க வைத்துவிட்டார்.

கதிரேசன் டீ சொன்னான். அவர் குடிக்கவில்லை. பாட்டிலையும் பேட்டரியையும் ரெண்டு நாளைக்குக் கேட்டார். எதற்கு என்று அவன் கேட்காமலே கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து ஸ்ரீவித்யா என்ற அம்மாள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு பதினோரு காரையும் சுற்றி வந்து, ஒரு நோட்டில் எழுதினாள், படம் எடுத்தாள். பத்ரி கூடவே நடந்து பிரஷ் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இவரிடம் வந்ததும் தோளில் கை வைத்தார். வயசானவர், ரொம்ப வருஷத்து ஆள், மறைக்கத் தெரியாதவர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அண்ணா, மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

சுவிசேஷமுத்து தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். முதல் காரின் கதவில், துருவே இல்லாத நடு இடத்தில், ஒரு சொட்டு விட்டுப் பேட்டரியை அழுத்தினார். சொட்டு சிவந்தது.

ஸ்ரீவித்யா குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தாள். தன் காருக்குப் போய் அந்தத் துப்பாக்கி மெஷினை எடுத்து வந்தாள். மூன்று காரில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள். நம்பரைப் படித்தாள். படித்துவிட்டு பத்ரியைப் பார்த்து, தகட்டுக்கு நீங்கள் கொடுத்த சர்ட்டிபிகேட்டில் இந்த நம்பர் இல்லையே என்று கேட்டாள்.

பத்ரி தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்தார்.

"நானும் ஏமாந்துட்டேன் மேடம். டீலர் ஏமாத்திருக்கான். நான் தகட்டைப் பாக்கறதில்லை. பாத்து இறக்கறதுக்குன்னு ஆள் வெச்சிருக்கேன்."

ரிஜிஸ்டரில் பத்தொன்பது லோடு. ஒவ்வொன்றின் எதிரிலும் பத்ரியின் கையெழுத்தில், 'சோதித்தேன், முந்நூற்று நாலு, சரி' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சுவிசேஷமுத்துவின் கையெழுத்து, கோணலாக, பத்தொன்பது தரம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் படித்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும், லாரிக்காரன் நின்றுகொண்டிருப்பான், நீட்டுகிறவர் பத்ரி. போட்டார்.

மடியில் முடிந்த சாவியை எவனிடமும் கொடுக்காத மனுஷன், கையெழுத்தைக் கேட்ட நேரமெல்லாம் கொடுத்திருக்கிறார்.

அவர் வெட்டுத் துண்டு விஷயத்தைச் சொன்னார். கதிரேசனுக்குத் தெரியும், சார் துண்டை எந்த ரேட்டுக்குப் போட்டார் என்று அவனைக் கேளுங்கள் என்றார். ஸ்ரீவித்யா சரி என்றாள். சுவிசேஷமுத்துவே போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தார். யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், ஒளிக்கக் கூடாது என்று. போனில் யாரோ இரும்பு அடிக்கிறது மட்டும் கேட்டது, அப்புறம் கதிரேசனின் குரல்.

"அண்ணே, நான் எடை போட்டு எடுக்கறவன். இருநூறா முந்நூறான்னு எனக்கு இன்னா தெரியும்? என்னை இதுல இஸ்துக்காதண்ணே." போன் கட்டாகிவிட்டது.

வருகிற திங்கட்கிழமையும் அவன் துண்டு எடுக்க இங்கேதான் வர வேண்டும்.

ஸ்ரீவித்யா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். யார் மேலேயும் பழி போட வரவில்லை, காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பதினோரு காருக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவோம், வாங்கினவர்களிடம் பேசியாகிவிட்டது, ஷெட்டுக்கு ஆர்டர் நிற்காது, இனிமேல் வருகிற தகட்டை மட்டும் நாங்களே சோதிப்போம் என்றாள். பெயிண்ட்டும் ஆர்டரும் முன்னாலேயே முடிவானது போலச் சொன்னாள். நாற்பது குடும்பத்தில் ஒரு குடும்பத்துக்கும் ஒரு நாள் கூலி கூடக் குறையப் போவதில்லை. பத்ரிக்கும் அது தெரிந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கையெழுத்து உங்களோடதுதானே, ஐயா?"

"என்னுதுதாம்மா."

"அப்ப பிரஷ்னு உங்க சார் எழுதினதை என்ன பண்ண?"

"அதை அடிச்சிடு. நான் பிரஷ் மாத்துற ஆள் இல்ல. காந்தத்தை நம்பி இறக்கினேன்னு எழுது. அது நான் பண்ண தப்பு, ஒத்துக்கறேன். பக்கத்துலயே, இவரை நம்பி கையெழுத்துப் போட்டேன்னும் எழுது."

அவள் பேனாவை நிறுத்தினாள். "ரெண்டாவது சொன்னதை எழுத இதுல இடம் இல்லைங்க ஐயா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு கார்களுக்கு நடுவில் பத்ரி அவரை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு மாதிரி தெரியவில்லை, அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

"இருபத்தி நாலு வருஷம்ணா. எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எல்லார் முன்னாடியும் பாட்டிலை எடுத்து இப்படிப் பண்ணிட்டீங்களே."

சுவிசேஷமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என் காந்தத்துக்கு எது தெரியாதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான என்னை லாரிகிட்ட நிக்க வெச்சே?"

பத்ரி சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பக்கத்துக் கார் கதவில் பதிந்திருந்த தன் விரல் அடையாளத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு, கேட்டில் இருந்த வாட்ச்மேன் சவுரிமுத்துவைக் கூப்பிட்டு, "பையைப் பாத்து அனுப்பு" என்றார்.

வேலையை விட்டு நிறுத்துகிற ஆளுக்குத்தான் ஷெட்டில் பை பார்ப்பார்கள். சவுரிமுத்து இவருக்கு ஊர்க்காரன், ஒரே சர்ச். கேட்டில் வந்து நின்று கையைப் பிசைந்தான். போங்கண்ணே, பார்த்ததா சொல்லிக்கிறேன் என்று முணுமுணுத்தான். சுவிசேஷமுத்து கேட்கவில்லை. பையைக் கவிழ்த்துக் காட்டினார். பாட்டிலும் பேட்டரியும் விழுந்தன. டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார்.

"சோத்தைக் கிளறிப் பாத்துக்கோ. இல்லன்னா நாளைக்கு உன்னை ரிஜிஸ்டர்ல எழுதுவான்."

சவுரிமுத்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

ஸ்டேஷனுக்கு நடந்தார். வண்டிக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். பசியே இல்லை. சோற்றை மீதம் வைத்தால் தபீதாள் ஏன் என்று கேட்பாள். வத்தக் குழம்பும் சோறுமாக முழுசும் தின்று முடித்து, குழாயில் பாக்ஸைக் கழுவினார்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் அரிசி ஊறப் போட்டிருப்பாள். முறுக்கும் அச்சுமுறுக்கும் சுட்டு, முதல் டப்பாவைப் பத்ரி வீட்டுக்கு என்று தனியாக எடுத்து வைப்பது இருபத்தி நாலு வருஷப் பழக்கம். வேலை போனதைச் சொல்லிவிடலாம், அவள் தாங்கிக்கொள்வாள். கடைசி லோடுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கும் அவள், அந்த மனுஷனுக்கு உன் மேல எவ்வளவு நம்பிக்கை பாரு என்றாள். அவளுடைய அந்த நினைப்பை எப்படி அவிழ்ப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

வண்டி வந்தது. வண்டலூர் தாண்டும்போது போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். என்ன இந்த நேரத்தில் என்று அவள் பதறினாள்.

"ஒண்ணுமில்ல," என்றார். "மாவு ஒரு படி கம்மியா அரை. இந்த வருஷம் ஒரு டப்பா குறையுது."

எந்த டப்பா என்று அவள் கேட்டாள். வண்டி சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி அவர் போனை வைத்தார். அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.